பேட்டரி சைக்கிளில் பழைய புதுச்சேரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலை வேளையில் ஆறேழு பேரை மின்சார சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய், புதுச்சேரியின் பழைய வீதிகளைக் காட்டுவது என் வேலை. முதல் நாள் இரவு போனில் வரும் கேள்விகளும், சிக்னலில் நிற்கும்போது பின்னாலிருந்து வரும் கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். வருவதற்கு முன் ஒருமுறை படித்துவிட்டால், வழியில் வேறு விஷயம் பேசலாம்.

சைக்கிள் விட்டு முப்பது வருடம் ஆகிறது. என்னால் முடியுமா?

முடியும். நீச்சலும் சைக்கிளும் மறக்காது என்பார்கள். மறக்காதுதான், ஆனால் முதல் ஐந்து நிமிடம் கை ஆடும். அதற்காகவே பாரதி பூங்காவைச் சுற்றி இரண்டு ரவுண்டு விடச் சொல்கிறேன். விடியற்காலையில் அங்கே வண்டி அதிகம் வராது. சீட்டை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக் கேளுங்கள். உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பட்டால் பாதி பயம் போய்விடும். சைக்கிளே ஓட்டத் தெரியாது என்றால் இது கற்றுக்கொள்ளும் இடம் அல்ல. இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி; சாய்ந்தால் பிடித்து நிறுத்துவது சிரமம்.

ஊரே தட்டையாக இருக்கிறது. சாதாரண சைக்கிள் போதாதா?

கடற்கரைப் பக்கத்து நாலு வீதிகளை மட்டும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் போதும். உண்மையைச் சொன்னால், அதற்கு சைக்கிளே வேண்டாம், நடந்தே பார்த்துவிடலாம். பேட்டரியின் அருமை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் முப்பது தடவையாவது நின்று நின்று கிளம்புவோம். சைக்கிளில் களைப்பு தருவது ஓட்டம் அல்ல, கிளம்புவதுதான். அந்த முதல் நாலு மிதிக்குத்தான் தொடை வலிக்கும். அதை மோட்டார் பார்த்துக்கொள்கிறது. அதனால் ஒரு திண்ணையைக் காட்ட, ஒரு தூணைக் காட்ட, வீதியோர வீட்டுக்காரருடன் இரண்டு வார்த்தை பேச நிறுத்தினால், யாரும் ‘மறுபடியுமா’ என்று முகம் சுளிப்பதில்லை. கடலோர ஊரின் புழுக்கத்தில் சட்டை நனையாமல் இருப்பது இன்னொரு லாபம்.

வண்டி எப்படி ஓடும்? ஸ்கூட்டர் மாதிரியா?

இல்லை. நீங்கள் மிதித்தால்தான் ஓடும்; மிதிக்கு மோட்டார் கூடக் கொஞ்சம் பலம் சேர்க்கும், அவ்வளவுதான். இடது கைப்பிடி அருகில் சின்னத் திரை இருக்கும். அதில் எவ்வளவு உதவி வேண்டும் என்று 1 முதல் 5 வரை வைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் 1 அல்லது 2 போதும். வலது கையில் ஒரு சின்ன விசையும் உண்டு. அதை அழுத்தினால் மிதிக்காமலே நகரும். களைத்துப் போனவர்களுக்காக அது. மற்றவர்கள் அதைத் தொடவேண்டாம்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். எங்கள் வண்டிகளில் உள்ள சென்சார், மிதி சுற்றுகிறதா இல்லையா என்று மட்டுமே பார்க்கும். நீங்கள் அழுத்தி மிதிக்கிறீர்களா, தெரியாமல் கால் பட்டதா என்று அதற்குத் தெரியாது. ஆரம்பத்தில் ஒரு நாள், வாய்க்கால் பாலத்தருகே எல்லோரையும் நிறுத்திவிட்டு, திரும்பி நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்த ஒரு பெரியவர் 4-ல் வைத்திருந்தார். கால் மாற்றும்போது மிதி அரைச் சுற்று சுற்றியது. வண்டி குபீரென்று பாய்ந்து என் பின்சக்கரத்தில் மோதி, நான் தண்ணீர் பாட்டிலோடு கீழே. அடி ஒன்றும் இல்லை, கதைதான் பாதியில் நின்றது. நிற்கும்போது பிரேக்கைப் பிடித்தே நிற்கச் சொல்கிறேன் இப்போது. பிரேக் பிடித்திருக்கும்வரை மோட்டாருக்குக் கரண்ட் போகாது.

லைசென்ஸ் வேண்டுமா? ஹெல்மெட்?

லைசென்ஸ் வேண்டாம். மோட்டார் 250 வாட்டுக்குள் இருந்து, 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் உதவி நின்றுவிடும் மின்சார சைக்கிளை நம் நாட்டுச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கணக்கில் எடுப்பதில்லை. பதிவும் இல்லை, நம்பர் பிளேட்டும் இல்லை. ஹெல்மெட் நான் தருகிறேன், போட்டுக்கொள்ளுங்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்காது என்று யாராவது சொல்வார்கள். போட்டோ எடுக்கும்போது கழற்றிக்கொள்ளலாம்.

பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிட்டால்?

தீராது. முழு சார்ஜில் முப்பது கிலோமீட்டர் தாராளமாக ஓடும். நம் வழி எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான். அப்படியே தீர்ந்தாலும் அது சைக்கிள்தானே, மிதித்துக்கொண்டு வரலாம். கொஞ்சம் கனமாக இருக்கும்.

காலை ஆறு மணிக்கே ஏன்? ஒன்பது மணிக்கு வைக்கக் கூடாதா?

இதற்காக என்னிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்குத் தடை. அந்த நேரத்தில் ஊர்க்காரர்களே அங்கே நடப்பார்கள். நாமும் சைக்கிளைப் பக்கத்து வீதியில் பூட்டிவிட்டு நடந்து போவோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். அவற்றின் வேலைப்பாட்டைக் கடலிலிருந்து எழும் சாய்ந்த வெயிலில்தான் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். ஒன்பது மணிக்கு வந்தால் தூணும் தெரியாது, விளக்கமும் தெரியாது. வெயில் மட்டும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் விரிந்துவிடும். அந்தப் பக்கம் சைக்கிளைத் தள்ளக்கூட முடியாது, வழியை மாற்றிக்கொள்வோம்.

எந்தெந்த வீதி வழியாகப் போகிறோம்?

பாரதி பூங்காவில் கிளம்புகிறோம். பூங்காவைச் சுற்றி ராஜ் நிவாஸ் என்று பழகிப்போன கவர்னர் மாளிகை, சட்டப்பேரவை எல்லாம் இருக்கின்றன. பூங்கா இருக்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரரின் லூயி கோட்டை நின்றது. 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தபின் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் ‘பழைய பிரெஞ்சு ஊர்’ என்று பார்ப்பதில் பெரும்பகுதி, 1763 ஒப்பந்தத்தில் ஊர் திரும்பக் கிடைத்தபின் மறுபடி எழுந்தது.

நடுவில் வெள்ளையாக நிற்பது ஆயி மண்டபம். ஆயி என்ற தாசியின் வீட்டை அரசன் ஒருவன் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டானாம். உண்மை தெரிந்து கோபத்தில் இடிக்கச் சொன்னான். அவளோ தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. பிற்பாடு முத்திரப்பாளையத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது, இந்தக் கதையைக் கேட்ட மூன்றாம் நெப்போலியன் மண்டபம் கட்டச் சொன்னார் என்று சொல்வார்கள். ஒரு தமிழ்ப் பெண் பெயரில் பிரெஞ்சுப் பேரரசன் காலத்து மண்டபம். இதைக் கதையாகவே கேளுங்கள்.

அப்புறம் துய்மா வீதி, ரொமேன் ரோலன் வீதி. நீல நிறப் பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்திருப்பதைப் பார்க்கலாம். துய்மா வீதியில் 1855-இல் கட்டிய மாதா கோயிலும், அதற்கு எதிரே ஜோன் ஆஃப் ஆர்க் சிலையும். வீதிகள் ஏன் இப்படிக் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு போட்டி வைப்பேன்: யார் போட்ட கோடு? எல்லோரும் பிரெஞ்சுக்காரர் என்பார்கள். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து ஆறு வருடம் வைத்திருந்தார்கள். கட்டம் கட்டமான வீதி அமைப்புக்கான வரைபடம் அவர்கள் போட்டது. 1699-இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்தபோது அதையே வைத்துக்கொண்டார்கள்.

இதோடு வாய்க்காலுக்குக் கிழக்குப் பக்கம் முடிகிறது. நேரம் ஒரு மணிக்கும் குறைவு.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இரண்டு மணி நேரமா? அங்கே என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்காகவே நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொல்லலாம். மஞ்சள் சுவர், காகிதப்பூ, ஒரு காபி, நாலு போட்டோ, மகாபலிபுரம் வழியாகத் திரும்பிப் போய்விடுவது. பாண்டி பார்த்தாச்சு! பாதி ஊர்கூட இல்லை அது. பிரெஞ்சுக்காரர்கள் கிழக்கே வெள்ளையர் நகரம் என்றும் மேற்கே கறுப்பர் நகரம் என்றும் பெயர் வைத்தார்கள். நடுவே பெரிய வாய்க்கால். இன்றைக்கும் பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் அந்த வாய்க்காலைத் தாண்டுவது பஸ் ஸ்டாண்டுக்குப் போகத்தான்.

மேற்கே முதலில் ரங்கப் பிள்ளை வீதி. துய்ப்ளெக்ஸ் கவர்னராக இருந்தபோது அவருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அங்கே இருக்கிறது. எதிர்ப்புறம் நின்று பாருங்கள்: கீழ்த்தளம் மரத்தூணோடு தமிழ் வீடு; மாடி ஐரோப்பியத் தூண்களோடு வேறு ஊர் வீடு. பகலில் கவர்னர் மாளிகை, இரவில் தன் வீடு என்று வாழ்ந்தவரின் நிலைமையை அந்தச் சுவரே சொல்கிறது. 1736-இலிருந்து அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு இல்லையென்றால், அந்தக் கால ஊரைப் பற்றி நமக்குத் தெரிந்தது வெறும் கவர்னர்களின் கடிதங்களாக இருந்திருக்கும். கப்பல் வந்த நேரம், பீரங்கிக் குண்டு எண்ணிக்கை, யார் யாருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தார்கள், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள், எல்லாம் அதில் உண்டு. ஊர் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் அவரும் இறந்துபோனார்.

அங்கிருந்து வைசியாள் வீதி. வெயிலில் போகிறவன் ஒதுங்கி நிற்க வீதிப்பக்கம் இறக்கிய தாழ்வாரம், அவன் உட்காரத் திண்ணை, உள்ளே முற்றம். நம் பக்கத்து வீடுகள்தான். ஆனால் தலையைத் தூக்கினால் மாடியில் வளைவு ஜன்னலும் பலுஸ்தர் என்ற குட்டித் தூண்கள் வைத்த கைப்பிடிச் சுவரும். இந்த வீதியின் முகப்புகளைச் சீராக்கிய வேலைக்கு 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. நான் அங்கே எப்போதும் ஒரு தூணைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். இடுப்பு உயரத்தில் மரம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். தலைமுறை தலைமுறையாகச் சாய்ந்து உட்கார்ந்த முதுகுகள் செய்த பாலிஷ் அது.

தெற்கே முல்லா வீதி, காஜி வீதி. பள்ளிவாசல்களும் நெருக்கமான வீடுகளும். இங்கே வேகத்தைக் குறைத்து, ஒருவர் பின் ஒருவராக வாருங்கள்.

கடைசியாக ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வீடு. 1908-இல் ஆங்கில அரசின் கைக்குத் தப்பி வந்தவர், 1918 நவம்பர் வரை இந்த ஊரில்தான் இருந்தார். பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் இந்தப் பத்து வருடத்தில் பிறந்தவை. எல்லையைத் தாண்டிக் காலை வைத்ததும் கடலூர் அருகே கைது செய்துவிட்டார்கள். ஊரைச் சுற்றி எங்கும் ‘எல்லை’ என்ற சொல் ஏன் இவ்வளவு கனம் என்று அந்த வாசலில் நின்றால் புரியும்.

சம்பா கோயில் முன்னால் நிறுத்தினீர்கள், ஆனால் உள்ளே போகவில்லையே?

பூசை நேரத்தில் சைக்கிள் ஹெல்மெட்டோடு கூட்டமாக நுழைவது சரியில்லை என்பதால். மிஷன் வீதியிலுள்ள அந்தப் பெரிய தேவாலயத்துக்கு ஊர்க்காரர் வைத்த பெயர் சம்பா கோயில். சென் பால் (புனித பவுல்) என்பது நாக்கில் புரண்டு சம்பா ஆனது. அதன் பக்கத்தில்தான் பழைய வேதபுரீசுவரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையிட வந்துகொண்டிருந்த நேரத்தில், துய்ப்ளெக்ஸ் ஆட்சியில் அதை இடித்தார்கள். அந்த நாளின் துக்கத்தை ஆனந்தரங்கப் பிள்ளை குறித்து வைத்திருக்கிறார். இதைச் சொன்னதும் குழுவில் யாராவது குரலை உயர்த்துவார்கள். நடந்ததைச் சொல்வது என் வேலை. வாக்குவாதத்தை டீக்கடையில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே இன்னும் பிரெஞ்சுக்காரர்கள் இருக்கிறார்களா?

நீங்கள் நினைக்கிற மாதிரி அல்ல. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்கள் இருக்கிறார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள்: 170 பேர் இந்தியாவோடு சேர்வதற்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அப்போது எந்தக் குடியுரிமை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அவகாசம் கொடுத்தார்கள். பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இன்றும் பிரான்ஸ் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை ஊரில் ‘சொல்தா’ என்பார்கள். கிராமத்து நிர்வாகத்துக்கு இன்றும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்றுதான் பெயர்.

அரிக்கமேடு போகலாமா?

கேட்டால் கூட்டிப் போகிறேன், கூடுதலாக ஒன்றரை மணி நேரம். தெற்கே நாலு கிலோமீட்டர்தான், ஆனால் கடலூர் சாலை வழி. பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும். சாலை பழக்கம் இல்லாதவர்களை நான் கூட்டிப் போவதில்லை.

ரோமானியரோடு வணிகம் செய்த பழங்காலத் துறைமுகம் அது. போவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: பார்க்க அதிகம் இல்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் மாந்தோப்பு, பதினெட்டாம் நூற்றாண்டில் பாதிரிமார் கட்டிய வீட்டின் இரண்டு செங்கல் சுவர்கள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளும் இத்தாலிய மட்பாண்டமும் கிடைத்த குழிகளெல்லாம் மூடிக்கிடக்கின்றன. கல்மணி செய்த ஊர் இது. தரையைக் கிளறாதீர்கள், எதையும் பாக்கெட்டில் போடாதீர்கள், பாதுகாக்கப்பட்ட இடம்.

புடவையில் வரலாமா? குழந்தைகள்?

வரலாம், ஆனால் துப்பட்டாவையும் முந்தானையையும் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். பின்சக்கரம் அதற்காகவே காத்திருக்கும். சிறுவர்களுக்கு உயரம் எட்டினால் மட்டும் தனி சைக்கிள். எட்டாவிட்டால் பின்னால் உட்காரவைக்கக் கேரியர் இல்லை, மன்னிக்கவும்.

வீடுகளை போட்டோ எடுக்கலாமா?

வீதியிலிருந்து எடுக்கலாம். ஒரு மஞ்சள் கதவின் முன் யாராவது திண்ணையில் உட்கார்ந்திருந்தால், அவரை நகரச் சொல்லாதீர்கள். அது அவர் வீடு. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வரும் கூட்டத்தால் அந்த வீதிக்காரர்கள் ஏற்கெனவே நொந்து போயிருக்கிறார்கள்.

மழை வந்தால்?

தூறலுக்கு நிறுத்த மாட்டோம், வண்டி தாங்கும். தேங்கிய தண்ணீரில் மட்டும் இறங்கக் கூடாது. பின்சக்கர நடுவில்தான் மோட்டார் இருக்கிறது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வருபவர்கள் வானத்தைப் பார்த்து வாருங்கள். 2014 நவம்பர் மழையில்தான் கடற்கரையோரம் இருந்த பழைய மேரி (பிரெஞ்சுக் காலத்து நகராட்சி) கட்டடமே இடிந்து விழுந்தது. இப்போது நிற்பது அதே சாயலில் கட்டி 2021-இல் திறந்தது.

பெருமழை என்றால் ரத்து செய்து வேறு நாள் தருகிறேன். அப்போது முகம் வாடுபவர்களுக்கு நான் ழாந்தி கதையைச் சொல்வேன். லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனைக் கடந்து வெள்ளிக்கோள் போவதைப் பார்க்க 1760-இல் இந்த ஊருக்குக் கப்பல் ஏறினார். போர். ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761-இல் கோள் கடந்த நாளில் அவர் ஆடும் கப்பலில் இருந்தார், ஒன்றும் அளக்க முடியவில்லை. அடுத்தது எட்டு வருடம் கழித்து. அதுவரை அவர் சொந்த நாடு திரும்பவே இல்லை, இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் மாதத்தில் அந்தக் காலை விடிந்தது. மேகம் வந்து மூடியது. எல்லாம் முடிந்த கொஞ்ச நேரத்தில் வெயில் அடித்தது. பிரான்ஸுக்குத் திரும்பிப் போனால், ஆள் செத்துப்போனதாக நினைத்து சொத்தைப் பங்கு போட ஆரம்பித்திருந்தார்கள்.

நாங்கள் எட்டு வருடம் காக்க வைப்பதில்லை. அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பாரதி பூங்கா வாசலில்.